அரூப்பா, ஏகாமா, ஊழியர் கம்பெனியா? ஆஃபரை ஏற்கும் முன் முதலாளி யார் என்று பாருங்கள்

சிவில், ஸ்ட்ரக்சுரல், எம்இபி (கட்டடத்தின் இயந்திரம், மின்சாரம், குழாய் வேலைகள்) பிரிவுகளில் நாலைந்து வருடம் வேலை பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கையில் இரண்டு ஆஃபர் இருக்கிறது. இரண்டுமே உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் டிசைன் கன்சல்டன்சி. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று சிட்னி ஓபரா ஹவுஸ் படத்தைக் காட்டுகிறது, இன்னொன்று லண்டன் ஒலிம்பிக் பூங்காவைக் காட்டுகிறது. எதில் சேர்வது?

படங்களை ஓரமாக வையுங்கள். 1973-இல் திறந்த கட்டடத்துக்குக் கணக்குப் போட்டவர்கள் உங்கள் டீமில் இருக்கப்போவதில்லை. நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: இந்தக் கம்பெனி யாருக்குச் சொந்தம்? இந்தத் தொழிலில் மூன்று விதமான பதில்கள் உண்டு. சில கம்பெனிகள் டிரஸ்ட் அல்லது அறக்கட்டளையின் கையில் இருக்கின்றன. சிலவற்றில் ஊழியர்களே பங்குகளை வைத்திருக்கிறார்கள். மற்றவை பங்குச் சந்தையில் இருக்கின்றன. நீங்கள் எப்படிப்பட்ட வேலை செய்வீர்கள், தொழில் மந்தமானால் என்ன நடக்கும், பத்து வருடம் கழித்து உங்கள் ஐடி கார்டில் எந்தப் பெயர் இருக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பதிலைப் பொறுத்தது.

## முதலில் அளவுகோல்கள்

இந்தத் தொழிலின் வரவு செலவு எளிமையானது. கம்பெனி விற்பது உங்கள் நேரத்தை. உங்கள் ஒரு மணி நேரச் சம்பளம் 100 என்றால், வாடிக்கையாளரிடம் ஏறக்குறைய 250 முதல் 300 வரை வாங்குவார்கள். அலுவலகம், மென்பொருள், காப்பீடு, மேலாளர்கள், தோற்றுப்போன டெண்டர்களின் செலவு, லாபம் எல்லாம் அந்த வித்தியாசத்திலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் டைம்ஷீட் இவ்வளவு முக்கியம். பில் போட முடிகிற மணிநேரம் எத்தனை சதவீதம் என்பதுதான் யூட்டிலைசேஷன். அது நாலைந்து புள்ளி இறங்கினாலே ஒரு கிளையின் லாபம் காணாமல் போய்விடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

1. மிஞ்சும் லாபம் எங்கே போகிறது?
2. நட்டம் வந்தால் யார் தலையில் விழுகிறது?
3. பில் போட முடியாத மணிநேரத்துக்கு, அதாவது ஆராய்ச்சி, பயிற்சி, யோசனை இவற்றுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது?
4. டிசைனோடு நிற்கிறார்களா, முன்கூட்டியே பேசிய மொத்தத் தொகைக்குக் கட்டித் தருகிறோம் (செலவு கூடினால் நட்டம் கம்பெனிக்கு) என்றும் ஒப்பந்தம் எடுக்கிறார்களா?
5. கம்பெனியை யாராவது வாங்கிவிட முடியுமா?

சம்பளம் இந்தப் பட்டியலில் இல்லை. அதை நீங்களே பேசி வாங்கிக்கொள்வீர்கள்.

## டிரஸ்ட் கையில்: அரூப்

ஓவ் அரூப் 1895-இல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் பிறந்தவர். தந்தை டேனிஷ்காரர், தாய் நார்வேக்காரர். கோபன்ஹேகனில் முதலில் தத்துவம் படித்துவிட்டு அப்புறம்தான் பொறியியலுக்கு வந்தார். லண்டன் மிருகக்காட்சி சாலையில் பென்குயின்களுக்காக 1934-இல் கட்டிய குளத்தின் வளைந்த கான்கிரீட் சரிவுகளில் அவர் பங்கு உண்டு. 1946-இல் லண்டனில் சொந்தமாக ஆலோசனைப் பொறியாளர் நிறுவனம் தொடங்கினார்.

பெயர் வாங்கித் தந்தது சிட்னி. 1957-இல் ஓபரா ஹவுஸ் வடிவமைப்புப் போட்டியில் வென்ற கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் கூரையை எப்படிக் கட்டுவது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பரவளையம், நீள்வட்டம் என்று வருடக்கணக்கில் முயன்று, 1961 வாக்கில் கூரையின் வளைந்த பகுதிகள் எல்லாவற்றையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுக்கும் தீர்வுக்கு வந்தார்கள். கூரைக் கணக்குக்கு அந்தக் காலத்திலேயே கணினியைப் பயன்படுத்தினார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட கட்டடம் 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. நடுவில், 1966-இல், உட்சனே விலகிப்போனார்.

உரிமை விஷயத்தில் முக்கியமான வருடம் 1977. அந்த வருடம் நிறுவனம் டிரஸ்ட்களின் உடைமையானது. வெளிப் பங்குதாரர் யாரும் இல்லை. ஊழியர் கையிலும் விற்கக்கூடிய பங்கு இல்லை. லாபத்தில் ஒரு பகுதி ஊழியர்களுக்குப் பகிரப்படுகிறது, மீதி நிறுவனத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு ஏழு வருடம் முன்பு, 1970 ஜூலையில் வின்செஸ்டரில் தன் கூட்டாளிகளிடம் பேசிய ஓவ் அரூப், தரமான வேலை, மனிதத்தன்மையுள்ள அமைப்பு, நேர்மையான நடத்தை, சமூகத்துக்குப் பயன் என்று குறிக்கோள்களை அடுக்கினார். பணத்தைப் பற்றிச் சொன்னபோது, உறுப்பினர்களுக்கு நியாயமான செழிப்பு என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த ‘நியாயமான’ என்பதைச் சேரப்போகிறவர்கள் கவனிக்க வேண்டும். சுபிட்சம் உண்டு, ஜாக்பாட் கிடையாது.

இந்த அமைப்பின் பலன் மூன்றாவது அளவுகோலில் தெரிகிறது. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்திலிருந்து லண்டனுக்கு அதிவேக ரயில் பாதை போடும் பேச்சு 1980களின் கடைசியில் வந்தபோது, பிரிட்டிஷ் ரயில்வே தெற்குப் பக்கமாக ஒரு வழியைத் தேர்ந்திருந்தது. அரூப் தானாகவே கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்டு வழியாக வேறொரு பாதையை வரைந்து நீட்டியது. 1991-இல் அரசு அதையே ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் கையில் இல்லாமல் இப்படி ஒரு வேலையில் இறங்க, அந்தக் காலாண்டு லாபத்தைக் கேட்க ஆளில்லாத கம்பெனிக்குத்தான் எளிது.

அரூப் பொறியாளராக இருந்த லண்டன் மில்லேனியம் நடைபாலம் இன்னொரு உதாரணம். 2000 ஜூன் 10-இல் திறந்தார்கள், மக்கள் நடந்ததும் பக்கவாட்டில் ஆடியது, இரண்டே நாளில் மூடினார்கள். பாலம் லேசாக அசையும்போது நடப்பவர்கள் தன்னறியாமல் அசைவுக்கு ஏற்ப அடி வைக்க, அது அசைவை இன்னும் கூட்டியது. ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு செலவில், 90 அளவில் அதிர்வடக்கிகளைப் பொருத்தி 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். நான் மதிப்பது அதன் பிறகு நடந்ததை. சோதனையில் கண்டதை அரூப் பூட்டி வைக்காமல் வெளியிட்டது. இன்று நடைபாலம் வடிவமைக்கும் எல்லோருக்கும் அந்த ஆய்வு கைகொடுக்கிறது.

சரி, மறைந்திருக்கும் செலவு என்ன? உங்கள் பெயரில் சொத்து எதுவும் சேராது. இருபது வருடம் உழைத்து நிறுவனத்தை இரட்டிப்பாக்கினாலும் விலகும்போது விற்க ஒரு பங்கு கூட இருக்காது. நட்டத்தைத் தாங்கவும் வெளியாள் இல்லை. 2024-இல் வெளிவந்த செய்தி நினைவிருக்கலாம். ஹாங்காங் ஊழியர் ஒருவர், வீடியோ கூட்டத்தில் தெரிந்த போலி முகங்களை மேலதிகாரிகள் என்று நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். ஏமாந்தது அரூப். பங்குச் சந்தைக் கம்பெனி என்றால் அந்த நட்டம் எங்கோ இருக்கும் முதலீட்டாளர்களைச் சேரும். இங்கே அப்படி யாரும் இல்லாததால், நிறுவனத்தின் பொதுப் பானையில்தான் குறையும்.

டென்மார்க்கின் ராம்பால் கிட்டத்தட்ட இதே ரகம். 1945-இல் தொடங்கி, 1972 முதல் அறக்கட்டளை ஒன்றின் உடைமை. ஆனால் அறக்கட்டளைக் கம்பெனி என்றால் அமைதியாக இருந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஹென்னிங் லார்சன் என்ற பெரிய கட்டடக் கலை நிறுவனம் உட்படப் பலவற்றை அது விழுங்கியிருக்கிறது. அதை யாரும் எளிதில் வாங்க முடியாது, அவ்வளவுதான்.

## ஊழியர்களே பங்குதாரர்கள்: சிஹெச்2எம் ஹில் போன வழி

கேட்கும்போது மிகவும் கவர்ச்சியாக இருப்பது இந்த வகைதான். உழைப்பவனே முதலாளி. லாபம் வந்தால் பங்கு விலை ஏறும், ஓய்வு பெறும்போது விற்று எடுத்துக்கொண்டு போகலாம். மாட் மெக்டொனால்டு, பிளாக் அண்ட் வீச் போன்றவை இன்றும் இப்படித்தான் நடக்கின்றன.

ஆனால் சேர்வதற்கு முன் சிஹெச்2எம் ஹில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1946-இல், அரூப் தொடங்கிய அதே வருடத்தில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துச் சிறு ஊரான கொர்வாலிஸில் நான்கு பேர் தொடங்கியது அது. குடிநீர், கழிவுநீர் வேலைகளில் வளர்ந்து உலக அளவுக்கு வந்தது. பனாமா கால்வாய் விரிவாக்கத்தை மேற்பார்த்தது. லண்டன் 2012 ஒலிம்பிக் கட்டுமானத்தை நடத்திய மூவர் கூட்டணியில் இருந்தது. பங்குகள் ஊழியர்களிடம் மட்டுமே. வாங்க விற்கக் கம்பெனிக்குள்ளேயே ஒரு சந்தை வைத்திருந்தார்கள்.

சிக்கல் அந்த உள்சந்தையில்தான் இருந்தது. வெளிச்சந்தையில் வாங்க ஊரே இருக்கிறது. இங்கே வாங்கக்கூடியவர்கள் பக்கத்து மேசைக்காரர்கள் மட்டும். ஓய்வு பெறுகிறவர்கள் விற்க வரும்போது புதியவர்கள் வாங்கவில்லை என்றால், கம்பெனியே பணம் எடுத்து வாங்க வேண்டும். கம்பெனி நன்றாக ஓடும்வரை இது கண்ணில் படாது. சிஹெச்2எம் மொத்தத் தொகைக்குக் கட்டித் தரும் ஒப்பந்தங்களில் இறங்கி, ஆஸ்திரேலியாவின் இக்திஸ் எரிவாயுத் திட்டத்துக்கான மின் நிலையம் போன்றவற்றில் கையைச் சுட்டுக்கொண்டது. 2011-இல் வாங்கிய ஹால்குரோ, 1868-இல் தொடங்கிய பழம்பெரும் பிரிட்டிஷ் நிறுவனம், பெரிய ஓய்வூதியப் பற்றாக்குறையையும் சேர்த்தே கொண்டுவந்தது. பணம் போதாமல் அப்போலோ என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்தை உள்ளே விட்டார்கள். ‘ஊழியருக்கு மட்டுமே’ என்ற சுவரில் விழுந்த முதல் ஓட்டை அது. 2017 முடிவில் ஜேக்கப்ஸ் நிறுவனம் ஏறக்குறைய 285 கோடி டாலருக்கு மொத்தமாக வாங்கிக்கொண்டது.

இது தனிக்கதை இல்லை. ஊழியர் கையிலிருந்த எம்டபிள்யூஹெச் 2016-இல் ஸ்டான்டெக் என்ற பங்குச் சந்தைக் கம்பெனியிடம் போனது. 1960 முதல் ஊழியர் நிறுவனமாக இருந்த கனடாவின் கோல்டர் 2021-இல் 114 கோடி டாலருக்கு டபிள்யூஎஸ்பி என்ற இன்னொரு பங்குச் சந்தைக் கம்பெனியிடம் போனது. நியூயார்க்கின் முதல் சப்வேயை வடிவமைத்த பார்சன்ஸ் பிரிங்கர்ஹாஃப் வரலாறு இன்னும் சுவாரசியம். 1885-இல் பிறந்த அந்த நிறுவனத்தை அதன் ஊழியர்கள் 2009-இல் 62.6 கோடி டாலருக்கு பால்ஃபோர் பீட்டி என்ற பிரிட்டிஷ் ஒப்பந்தக் கம்பெனிக்கு விற்றார்கள். ஐந்தே வருடத்தில் பால்ஃபோர் பீட்டி அதை டபிள்யூஎஸ்பியிடம் 124 கோடிக்கு விற்றது. இரட்டிப்பு விலையின் லாபம் ஊழியருக்குக் கிடைக்கவில்லை.

பங்கு என்று ஒன்று இருந்தால் என்றைக்காவது அதற்கு நல்ல விலை வரும். அன்றைக்கு ஓட்டுப் போடுகிறவர்களில் பலர் ஓய்வு பெறும் வயதில் இருப்பார்கள். முப்பது வயதுக்காரருக்குத் தேவை தொடர்ச்சி, ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்குத் தேவை காசோலை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சமயத்தில் நீங்கள் எந்த வயதில் இருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டு சேருங்கள்.

இன்னொரு செலவு: உங்கள் சம்பளமும் சேமிப்பும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கின்றன. கம்பெனி சரிந்தால் வேலையும் போகும், பங்கின் மதிப்பும் போகும்.

## பங்குச் சந்தையில்: ஏகாம், டபிள்யூஎஸ்பி, அட்கின்ஸ்ரியாலிஸ்

ஏகாமும் ஊழியர் கம்பெனியாகப் பிறந்ததுதான். ஆஷ்லாண்ட் என்ற எண்ணெய் நிறுவனத்தின் பொறியியல் கிளைகளைப் பிரித்து எடுத்து, 1990-இல் ஊழியர் உடைமையாகத் தொடங்கினார்கள். 2007 மே மாதம் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிட்டார்கள். அப்போது பங்கு வைத்திருந்தவர்களுக்கு நல்ல காலம். அதன் பிறகு வளர்ந்தது பெரும்பாலும் மற்ற கம்பெனிகளை வாங்கித்தான். 2014-இல் யுஆர்எஸ் என்ற பெரும் நிறுவனத்தைக் கடனோடு சேர்த்து ஏறக்குறைய 600 கோடி டாலருக்கு வாங்கியபோது ஊழியர் எண்ணிக்கை ஒரு லட்சத்தை நெருங்கியது.

அப்புறம் காற்று திசை மாறியது. 2019-இல் ஸ்டார்போர்டு வேல்யூ என்ற முதலீட்டு நிறுவனம் பங்குகளை வாங்கிக்கொண்டு, கம்பெனியைச் சுருக்கச் சொல்லி நெருக்கியது. 2020 தொடக்கத்தில் அரசுப் பணிகளைக் கவனித்த மேலாண்மைச் சேவைப் பிரிவை 240 கோடி டாலருக்கு விற்றார்கள். கட்டுமானப் பிரிவுகள் சிலவும் போயின. இன்று ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறைய 50 ஆயிரம். அந்தக் கூட்டல் கழித்தல் பெரும்பாலும் நடந்து முடிய ஆறேழு வருடம்தான் ஆனது. நல்ல டிசைன் செய்த பிரிவும் விற்கப்பட்டிருக்கலாம். இந்த வகைக் கம்பெனியில் உங்கள் பிரிவு விற்பனைக்குரிய ஒரு சரக்கும்தான்.

நட்டம் வந்தால்? பிரிஸ்பேன் நகரின் கிளெம் 7 சுரங்கச் சாலைக்குப் போக்குவரத்துக் கணிப்புத் தந்தது ஏகாமின் ஆஸ்திரேலியக் கிளை. 2010-இல் திறந்த சுரங்கத்தில் எதிர்பார்த்த வண்டிகளில் பாதி கூட வரவில்லை. சாலை நிறுவனம் மறு வருடமே திவால் நிர்வாகத்துக்குப் போக, வழக்கை 20 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் கொடுத்து ஏகாம் முடித்துக்கொண்டது. அப்படியும் கம்பெனி அசையவில்லை. பெரிய உடம்பும் சந்தைப் பணமும் இருப்பதன் நன்மை இது.

அட்கின்ஸ் கதை எச்சரிக்கைக்காக. 1938-இல் தொடங்கி, துபாயின் புர்ஜ் அல் அரப் ஹோட்டல் வரை வரைந்த பிரிட்டிஷ் நிறுவனம். 1996 முதல் சந்தையில் இருந்ததால் 2017-இல் கனடாவின் எஸ்என்சி-லாவலின் 210 கோடி பவுண்டு கொடுத்து வாங்க முடிந்தது. லாவலின் என்ற பெயர் கேரள அரசியலைக் கவனித்தவர்களுக்குப் புதிதல்ல. வங்கதேசத்தின் பத்மா பாலம் தொடர்பான முறைகேட்டு விவகாரத்துக்காக 2013-இல் உலக வங்கி அந்தக் குழுமத்தின் கம்பெனியைப் பத்து வருடத்துக்கு விலக்கி வைத்திருந்தது. லிபியாவில் ஒப்பந்தங்களுக்காக லஞ்சம் கொடுத்த விவகாரத்தில் 2019-இல் அதன் கட்டுமானப் பிரிவு குற்றத்தை ஒப்புக்கொண்டு 28 கோடி கனடிய டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. அட்கின்ஸின் எப்சம் (இங்கிலாந்து) அலுவலகத்தில் உட்கார்ந்து பாலத்துக்குக் கணக்குப் போட்டவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்தப் பெயரைச் சுமந்தார். கடைசியில் 2023-இல் மொத்தக் குழுமமும் அட்கின்ஸ்ரியாலிஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மொத்தத் தொகைக் கட்டுமான ஒப்பந்தங்களை இனி எடுப்பதில்லை என்று 2019-இலேயே அறிவித்துவிட்டார்கள். அது நல்ல முடிவு.

சந்தைக் கம்பெனியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாடு விட்டு நாடு மாற, பெரிய ரயில், விமான நிலையத் திட்டங்களில் நுழைய, வேகமாக மேலே போக அங்கே கதவுகள் அதிகம். ஒரு பிரிவை இழுத்து மூடும்போது இன்னொரு பிரிவில் ஆள் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டிரஸ்ட், அறக்கட்டளை | ஊழியர் பங்கு | பங்குச் சந்தை |
|---|---|---|---|
| லாபம் | ஊழியருக்குப் பகிர்வு, மீதி உள்ளேயே | பங்கு வைத்திருக்கும் ஊழியருக்கு | முதலீட்டாளருக்கு, ஓரளவு போனஸாக |
| நட்டம் | பொதுப் பானையில் | உங்கள் சேமிப்பில் | முதலீட்டாளரிடம், அப்புறம் ஆட்குறைப்பாக |
| பில் இல்லாத நேரம் | அதிகம் கிடைக்க வாய்ப்பு | தலைமையைப் பொறுத்தது | குறைவு |
| விற்கப்படும் வாய்ப்பு | மிகக் குறைவு | நினைப்பதைவிட அதிகம் | எப்போதும் உண்டு |

## இந்தியாவிலிருந்து சேர்பவர் கேட்க வேண்டியது

இந்த நிறுவனங்களில் பல பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, நொய்டா போன்ற ஊர்களில் டிசைன் மையங்கள் வைத்திருக்கின்றன. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா திட்டங்களுக்கான மாடல், டிராயிங், கணக்கு இங்கே தயாராகிறது. கையெழுத்து பெரும்பாலும் அங்கே. இதனால் மேலே சொன்னவை எல்லாம் கொஞ்சம் மாறும்.

உங்களுக்கு வேலைக் கடிதம் தருவது பெரும்பாலும் இந்தியத் துணை நிறுவனம். எனவே லாபப் பகிர்வு இந்தக் கம்பெனி ஊழியருக்கும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ‘நூறு சதவீதம் ஊழியர் உடைமை’ என்று விளம்பரப்படுத்தும் அமெரிக்க நிறுவனங்களில் அந்தப் பங்குத் திட்டம் அந்த நாட்டு ஓய்வூதியச் சட்டத்தின்படி நடப்பது. இங்கே இருப்பவர் அதில் சேர முடியுமா என்று கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். சந்தைக் கம்பெனிகள் தள்ளுபடி விலையில் பங்கு தந்தால் வாங்கலாம்தான். ஆனால் தள்ளுபடித் தொகைக்கு இங்கே வருமான வரி உண்டு, வருடாவருடம் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தாகவும் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் பெரிய அபராதம் வரலாம்.

அதைவிட முக்கியமானது சார்ட்டர்டு பட்டம். இங்கிலாந்தின் சிவில் அல்லது ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் சங்க உறுப்பினராக வழிகாட்ட இந்திய அலுவலகத்திலேயே ஆள் இருக்கிறாரா, திட்டத்தின் கருத்துரு நிலையிலிருந்து இங்கே வேலை வருகிறதா, இல்லை கடைசி நேரக் கம்பி விவரம் மட்டும்தானா? உரிமையாளர் யாராக இருந்தாலும் இந்த ஒரு பதில் மோசமாக இருந்தால் நான் அந்த ஆஃபரை விட்டுவிடுவேன்.

## யாருக்கு எது

பாலம், முகப்பு, ஒலியியல், தீ பாதுகாப்பு என்று ஒரு துறையில் ஆழமாக இறங்கி இருபது வருடம் இருக்க நினைப்பவருக்கு டிரஸ்ட் கம்பெனி. இரண்டு ஆஃபரும் சமமாக இருந்தால் என் சாய்வும் இந்தப் பக்கம்தான். முப்பத்தைந்துக்குள் வெளிநாடு போக வேண்டும், மேலாளராக வேண்டும், கம்பெனி பெயர் மாறினால் பரவாயில்லை என்பவருக்குச் சந்தைக் கம்பெனி பொருந்தும். ஊழியர் பங்குக் கம்பெனி, உங்களுக்கு உண்மையிலேயே பங்கு கிடைக்கும் என்றால் மட்டும். அதிலும் மொத்தத் தொகை ஒப்பந்தங்கள் குறைவாக, குடிநீர், கழிவுநீர் போல நின்று நிதானமாக வரும் வேலைகள் அதிகமாக உள்ளதாகப் பாருங்கள். பங்கு கிடைக்காது என்றால் அது உங்களைப் பொறுத்தவரை வேறொருவருக்குச் சொந்தமான கம்பெனிதான்.

இவற்றைச் சரிபார்க்க ஆள் பிடிக்க வேண்டியதில்லை. அரூப், மாட் மெக்டொனால்டு போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்களின் வருடாந்திரக் கணக்கு அந்நாட்டுக் கம்பெனிப் பதிவகத்தின் தளத்தில் இலவசம். ஏகாமின் ஆண்டறிக்கை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். முதலில் நடப்பு வழக்குகள் பற்றிய குறிப்பைப் படியுங்கள், அடுத்து ஓய்வூதியப் பற்றாக்குறை, அதற்கடுத்து அந்த வருடம் எதை வாங்கினார்கள், எதை விற்றார்கள் என்ற பகுதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.